சனிக்கிழமை பிரித்த கட்டு

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது தாய்மாமா வந்து நின்றார். "அவன் படிப்ப எழுது, பக்திய எழுது. அந்தப் பந்துக் கிறுக்க மட்டும் எழுதித் தொலையாதட்டி" என்றார். எழுதத்தான் போகிறேன். கடைசி நாளில் உண்மையைச் சொல்லி அண்ணனின் நிம்மதியைக் கெடுத்தேன் என்று ஒரு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களுக்கும் இதுவே பதில்.

அண்ணன் பாளையங்கோட்டையில் பிறந்தவர். பெற்றோரை வாந்திபேதி ஒரே வாரத்தில் கொண்டுபோயிற்று. எங்கள் இருவரையும் மாமாதான் வளர்த்தார், அதை மறக்கவில்லை. மிஷன் பள்ளியில் படித்து முடித்த அண்ணன், மதுரைப் பக்கம் ஓர் அமெரிக்கத் துரைக்குத் தமிழ் கற்பிக்கப் போனார். துரை தமிழ் கற்றாரோ என்னவோ, அண்ணன் அவர் சீமையில் படித்த கல்லூரியின் பந்தாட்டத்தை வாய்ச்சொல்லாகவே கற்றுக்கொண்டு ஊர் திரும்பி உபாத்தியாயரானார். நாம் காலால் உதைக்கிற உருண்டைப் பந்து அல்ல அது. இரண்டு முனையும் கூர்த்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, மறிக்கிறவர்களை முட்டித் தள்ளி ஓடவேண்டும். பதினொருவருக்குப் பதினொருவர். அப்படி ஓர் ஆட்டத்தையும் அண்ணன் கண்ணால் கண்டதில்லை!

துரை சீமைக்குத் திரும்பிய பின், ஆட்டச் செய்தி வந்த பத்திரிகைகளைக் கட்டி அனுப்புவார். கப்பலேறி வந்து சேர இரண்டு மாதம் ஆகும். என்று வந்தாலும் அண்ணன் சனிக்கிழமை பிற்பகல்தான் பிரிப்பார். அங்கே ஆட்டம் நடப்பது சனிக்கிழமையாம். பிரிப்பதற்கு முன் முழங்காலில் நின்று அந்தக் கல்லூரியின் வெற்றிக்காக ஜெபிப்பார். கணவரை இழந்து அவரிடம் வந்து சேர்ந்த நானும் கூட நிற்கவேண்டும்.

"முடிஞ்சுபோன ஆட்டத்துக்கு ஜெபம் பண்ணச் சொல்லுதியளே அண்ணே!"

"ஏட்டி, அவனுவளுக்குத்தான் முடிஞ்சுபோச்சு. எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

ஜெயித்தால் தெருவுக்கெல்லாம் சுக்குக் காப்பி. தோற்றால் மறுநாள் ஆராதனையில் பாட்டுக்கு வாய் திறக்கமாட்டார். ஒருமுறை தச்சநல்லூரில் பெண் பார்க்க மாமா குறித்த சனிக்கிழமைக்குக் கட்டு வந்துவிட்டது. அண்ணன் போகவில்லை. சம்பந்தம் முறிந்தது. ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே! சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு வாரத்தில் ஒரு நாளாவது அப்படி முகம் மலர்ந்தது? குடிக்கவில்லை, சூதாடவில்லை, ஒருவர் குடியையும் கெடுக்கவில்லை. விதவைத் தங்கையை ஒரு சொல் கடிந்ததில்லை.

போன தை மாதம் காய்ச்சலில் விழுந்தார். புதன்கிழமை கட்டு வந்தது. ஒன்பது வருஷமாக ஜெயிக்கவே முடியாத எதிரியோடு நடந்த ஆட்டம். சனிக்கிழமை வரை தாங்காது என்று வைத்தியர் என்னிடம் சொல்லிவிட்டார்.

"இப்பவே பிரிச்சிருவமா அண்ணே?"

"சனிக்கிழமைதான்."

தாங்கினார். எப்படித் தாங்கினார் என்று வைத்தியருக்கே விளங்கவில்லை. சனிக்கிழமை ஜெபம் முடித்துக் கட்டைப் பிரித்தேன். என் முகத்தைப் பார்த்ததும் மாமா வாசற்படிக்கு இழுத்துப்போனார். "ஜெயிச்சுட்டாவன்னு சொல்லுட்டி. பய நிம்மதியாக் கண்ண மூடட்டும்."

நான் திரும்பி வந்து உள்ளதை உள்ளபடி படித்தேன். எதிரிக்கு இருபது. நம்மவருக்கு ஒன்றுமில்லை.

அண்ணன் எழுந்து உட்காரப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லியா? நல்லாப் பாத்தியா? வெறும் பயலுவ! பத்து கெஜம் ஓடத் துப்பில்லையே!" மூச்சிரைக்கத் திட்டித் தீர்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாமா உன்னக் கூப்பிட்டதும் நெனச்சேன், நீயும் பொய் சொல்லப் போறன்னு. ஜெயிச்சாவன்னு நீ சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்ட்டி."

மறுநாள் கோயில் மணி அடிக்குமுன் போய்விட்டார்.

அண்ணனைக் கைவிடாமல் பார்த்த வைத்தியருக்கும், கட்டை வெயிலில் சுமந்து வந்த தபால்காரருக்கும், கல்லறை வரை தோள்கொடுத்த சபையாருக்கும், கோபித்துக்கொண்டாலும் இந்த மலருக்கு அச்சுக்கூலி கொடுத்த மாமாவுக்கும் எங்கள் நன்றி. கடல் கடந்து ஏதோ ஒரு மைதானத்தில் அன்று தோற்றுப்போன அந்தப் பதினொரு பேருக்கும் நன்றி சொல்கிறேன். அவர்கள் ஜெயித்திருந்தால், என் அண்ணன் என்னை நம்பாமலே போயிருப்பார்.