காப்புக்கு நீட்டிய கை

நான் பிறந்தது பினாங்கில். அப்பா அங்கே ஒரு அரிசி மண்டியில் வேலை பார்த்தார். பையன் தமிழ் படித்து வரட்டும் என்று அரியலூரில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு என்னை அனுப்பிவைத்தார். சொந்த மண்ணுக்கு வந்துவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது சுத்தமான வெளிநாடு. வந்த புதிதில் தெருவில் போன வெள்ளாட்டைக்கூட நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஆடும் என்னை அப்படித்தான் பார்த்தது.

கொஞ்ச காலத்திலேயே ஜப்பான்காரன் மலேயாவில் இறங்கினான். கப்பல் நின்றது, கடிதம் நின்றது. அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்களா என்றே தெரியாமல் வருஷங்கள் போயின. அழுதுகொண்டு உட்கார எனக்குச் சாமர்த்தியம் போதாது. ஊர் சுற்ற ஆரம்பித்தேன். லீவு விட்டால் வகுப்புப் பையன் எவனோடாவது ஒட்டிக்கொண்டு அவன் ஊருக்குப் போய்விடுவேன். வேப்பந்தட்டைப் பக்கத்து மலை, கங்கைகொண்ட சோழபுரத்தில் சிங்கத்தின் உடம்புக்குள் படியிறங்குகிற கிணறு, எதையும் விடவில்லை. எல்லாம் பினாங்குக்குத் திரும்பியதும் அம்மாவிடம் அளப்பதற்கு.

சண்டை முடிந்த மறு வருஷம் அம்மாவிடமிருந்து தகவல் வந்தது. இரண்டு பேரும் பிழைத்திருந்தார்கள். எனக்குப் பரீட்சையும் முடிந்திருந்தது. சித்தப்பா அலையாய் அலைந்து நாகப்பட்டினத்தில் கப்பலுக்கு இடம் பிடித்தார். வருகிற வெள்ளிக்கிழமை கப்பல். நான் ஒழுங்காகப் பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது: மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டுவதை நான் பார்த்ததில்லை. தா.பழூர் பக்கத்திலிருந்து வந்து படித்த கூட்டாளி ஒருவன், தன் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காப்புக்கட்டு என்றான். பார்த்த கையோடு திரும்பிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கூட்டிப் போனான்.

கோயில் வாசலில் தண்டோரா போட்டார்கள். வெளியூர்க்காரர்கள் இப்போதே கிளம்பிவிட வேண்டும், காப்புக் கட்டின பிறகு திருவிழா முடிகிறவரை யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது என்று அறிவித்தார்கள். எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. ஆனால் ஊர்க் கட்டுப்பாடெல்லாம் ஊர்க்காரர்களுக்குத்தான், வேடிக்கை பார்க்க வந்தவனை அது ஒன்றும் செய்யாது என்று எனக்கு ஒரு நினைப்பு. கூட்டாளி சைக்கிள் எடுத்துவரப் போயிருந்தான். மஞ்சள் வேட்டியில் இளவட்டங்கள் ஈரத்தோடு வரிசையில் நின்றார்கள். பூசாரி ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கோத்த கயிற்றைக் கட்டிக்கொண்டே வந்தார். பினாங்கில் காட்ட இதைவிட அழகான சாமான் கிடைக்குமா? வரிசையின் கடைசியில் நுழைந்து நானும் கையை நீட்டினேன். பூசாரி கையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிவிட்டார்.

கூட்டாளி சைக்கிளோடு வந்து என் கையைப் பார்த்தான். சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டான்.

"நல்லா இருக்குல்ல?" என்று கேட்டேன்.

"அட பாவி, அது தீ மிதிக்கிறவங்களுக்குக் கட்டுறதுடா."

தீயைவிடக் கப்பல்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. அவிழ்த்துவிடச் சொல்லிப் பூசாரியிடம் ஓடினோம். தீமிதி முடியாமல் அவிழ்க்கிற அதிகாரம் தனக்கு இல்லை, வேண்டுமானால் ஆத்தாவிடம் பூப்போட்டுக் கேட்கலாம் என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தது. இன்னொரு தடவை கேட்கச் சொல்லிக் கெஞ்சினேன். மறுபடியும் சிவப்பு.

"ஆத்தாளுக்கு ஒன்ன புடிச்சுப் போச்சு தம்பி," என்றார் பூசாரி, எனக்கு ஏதோ உத்தியோகம் கிடைத்துவிட்ட மாதிரி.

மறுநாள் காலையில் குளிக்கப் போகிற சாக்கில் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தேன். அந்த ஊரில் என்னை ஒருத்தரும் தடுக்கவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் எங்கே போகிறேன் என்று மரியாதையாக விசாரித்து, வழி தவறிவிட்டேன் என்று பரிதாபப்பட்டு, கூடவே நடந்து வந்து கோயிலில் விட்டுப் போனார்கள். ஒருவர் இளநீர்கூட வெட்டிக் கொடுத்தார். ஜப்பான்காரனிடம் அகப்பட்டிருந்தால் இவ்வளவு உபசாரம் நடந்திருக்காது. ஆனால் அவனிடமிருந்து தப்பிக்க வழியாவது யோசித்திருக்கலாம்.

கயிற்றை அறுத்துவிட்டு இருட்டினதும் வயல் வழியாக ஓடிவிடுகிறேன் என்று கூட்டாளியிடம் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டே அவன் அம்மா வந்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"நீ கப்பலேறிப் போயிடுவ தம்பி. நாளைக்கு மழ தப்புனாலும், ஒரு புள்ளைக்கு அம்ம போட்டாலும், எங்க வூட்டத்தான் கை காட்டுவாங்க. நாங்க இங்கதான இருக்கணும்?"

அதற்குமேல் நான் எப்படி ஓடுவது?

கூட்டாளி அரியலூருக்குப் போய்ச் சொல்ல, சித்தப்பா பறந்து வந்தார். வந்த வேகத்தில் ஓர் அறை நிச்சயம் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் காப்பைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். காப்புக் கட்டினவன் சாமி. அடிக்கக் கூடாது, ஏசக் கூடாது. "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார். அரியலூருக்கு வந்த நாளிலிருந்து என்னை 'டேய்' என்றே கூப்பிட்ட மனிதர். அந்த 'நீங்க'வுக்கு அறையே தேவலாம். அம்மாவுக்குத் தந்தி கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்குள் கிளம்பிப் போனார். அவரால் போக முடிந்தது.

வெள்ளிக்கிழமை கொள்ளிடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிலும் எல்லோரும் அம்மன் பேரைச் சொல்லி முழுகினார்கள். நான் கிழக்கே பார்த்துக்கொண்டு முழுகினேன். அந்தத் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தீமிதி அன்று பக்கத்து ஊர் ஜனமெல்லாம் கூடிவிட்டது. பொரிகடலை தின்றுகொண்டிருந்த ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் என்னைச் சுட்டிக்காட்டி, இந்தத் தீயை மிதிப்பதற்கென்றே பையன் பினாங்கிலிருந்து கப்பலில் வந்திருக்கிறான் என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மறுத்துச் சொல்ல நேரமில்லை. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். பக்தியோடு நடந்தேன் என்று சொன்னால் பொய். வாழ்நாளில் நான் அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்ததில்லை. அக்கரையில் பால் ஊற்றியிருந்த குழியில் கால் வைத்தபோதுதான் கால் இருப்பதே தெரிந்தது.

வெளியே வந்ததும் ஒரு அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். தட்டில் இருந்த திருநீற்றை என்னிடம் நீட்டி, பூசிவிடச் சொன்னார்.

"எம்புள்ள சண்டைக்கு முந்தி மலேயாவுக்குப் போனான் சாமி. ஒரு சேதியும் இல்ல. கப்பல் வுட்டுட்டாங்கங்கிறாங்க. வந்துடுவானா?"

என் அம்மா வயதுதான் இருக்கும் அவருக்கு. இந்நேரம் நான் விட்ட கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும். சாமி வேலைக்கு எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. இருந்தாலும் திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினேன்.

"வந்துடுவான்மா," என்றேன். "கொஞ்சம் லேட்டாகும்."