தறிச் சத்தத்தில் ஒரு நேர்காணல்

பிள்ளையார்பாளையத்தில் புவனேஸ்வரியைக் கெட்டிக்காரி என்று யாரும் சொன்னதில்லை. பிடிவாதக்காரி என்றுதான் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது அவள் கட்சி. பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிவிட்டு, ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கி, நெசவாளர்களை அரசு நலத்திட்டத்தில் சேர்த்துவிடும் வேலை பார்த்தாள். நெசவாளர் தெருப் பக்கமே தலைகாட்டாமல் எப்படித்தான் திட்டம் போடுகிறார்களோ என்று அவளுக்கு ஓயாத எரிச்சல். அந்த எரிச்சல் முற்றித்தான் பொதுக்கொள்கை படிக்க வேண்டும் என்ற ஆசையானது.

படிப்பு இங்கிலாந்தில். வளரும் நாடுகளின் பட்டதாரிகளுக்கென்றே ஓர் அறக்கட்டளை, படிப்புக் கட்டணம், சாப்பாடு, விமானச் சீட்டு எல்லாவற்றையும் தானே ஏற்று முதுகலை படிக்க வைக்கிறது. புவனா முன்பே இரண்டு தடவை விண்ணப்பித்திருந்தாள், நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் அவ்வளவுதான்.

நேர்காணல் கணினி வழியாக, வீட்டிலிருந்தே, மாலை நாலு மணிக்கு. விஷயம் தெரிந்ததும் அவள் அப்பா கலியாணசுந்தரத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தெருவில் வீட்டுக்கு வீடு தறி. இந்த இரைச்சலில் பிள்ளை பேசுவது யார் காதில் விழும்? மனுஷர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி ஒவ்வொரு வாசலிலும் நின்றார்.

"பாப்பா வெளிநாட்டுக்காரங்ககிட்ட பேசப்போவுது. ஒரு மணி நேரம் தறிய நிறுத்துங்கப்பா."

யாரும் மறுக்கவில்லை. எதிர்வீட்டு உதயகுமார் மட்டும், "பொண்ணு பாக்க வர்றாங்கன்னு சொல்லியிருந்தா கேசரியாவது கெடச்சிருக்கும்" என்று கிண்டலடித்தார். அமாவாசைக்குத்தான் தறிக்கு ஓய்வு தருகிற தெரு அது. அன்றைக்கு அமாவாசை இல்லை. ஆனாலும் நாலு மணிக்கு முன்பே தெரு கப்சிப் என்றாகிவிட்டது.

அங்கேதான் வந்தது வினை. திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவிலிருந்த அம்மாள் சிரித்த முகமாக, எந்தப் பிரச்சினையை எடுத்துப் படிக்க ஆசைப்படுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதற்கான பதிலைப் புவனா உருப்போட்டு வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. தன் மூச்சே தனக்குக் கேட்டது. ஆனா ஆவன்னாவிலிருந்து பட்டப்படிப்பு வரைக்கும் தறிச் சத்தத்துக்கு நடுவிலேயே படித்தவள். இப்படியோர் அமைதியில் அவள் எதையும் யோசித்ததே கிடையாது. நல்லது செய்கிறோம் என்று தெருவே கூடி அவள் நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டது. மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் முழித்தாள். போச்சு, எல்லாம் போச்சு.

ஒரு நிமிஷம் அவகாசம் கேட்டுக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

"அப்பா, தறிய ஓட்டுங்க."

"இன்னாம்மா சொல்ற? தெருவையே நிறுத்தி வெச்சிட்டு வந்திருக்கேன்."

"சத்தம் இருந்தாதான் எனக்குப் பேச்சு வரும்பா. ஓட்டுங்க, சொல்றேன்."

அவர் திகைத்து நின்றார். அம்மா நீலாம்பாள் நிற்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தறியின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, "வாங்க, புள்ள கேக்குதில்ல" என்றாள். தறி ஓடத் தொடங்கியது. அதைக் கேட்ட உதயகுமார், பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துத் தன் தறியை ஓட்டினார். அவரைக் கேட்டு அடுத்த வீடு, அதைக் கேட்டு அதற்கடுத்த வீடு. புவனா திரும்பி வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் தெரு முழுக்கச் சடக் சடக்கென்று கிளம்பிவிட்டது.

அது என்ன சத்தம் என்று கேட்டார் அந்த அம்மாள்.

"பட்டுத்தறி" என்றாள் புவனா. உருப்போட்டதெல்லாம் எங்கேயோ போக, வேறொன்று தானாக வந்தது. "எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை ஒருவரே நெய்வது லேசில்லை. அப்பா நடுவில், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை விடுகிறார். அம்மா ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுகிறார். இந்தச் சத்தத்தில் பாதி அம்மாவுடையது. ஆனால் நான் ஆள் சேர்க்கிற திட்டத்தில் தறிக்கு ஒரு பெயர்தான். அம்மாவுக்கு அதில் இடமில்லை. ஒரு தறியில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதைத் திட்டம் போடுகிறவர்களை எப்படிப் பார்க்க வைப்பது? நான் படிக்க வேண்டியது அதைத்தான்."

எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்கப்புறம் அவளை நிறுத்துவதுதான் அவர்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

ஆனி மாதம் மின்னஞ்சல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. கலியாணசுந்தரம் சந்தோஷம் தாங்காமல் தறிப்பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். நீலாம்பாள் மகள் பக்கத்தில் வந்தாள்.

"அன்னிக்கு இங்கிலீசுல இன்னாத்தடி சொன்ன அவங்ககிட்ட?"

"நீயும் நெசவாளின்னு சொன்னேம்மா."

நீலாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கட்டிக்கினு வந்த நாள்லருந்து இந்த ஓரத்துலதான் உக்காந்துக்கினு இருக்கேன். ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லடி."

"எனக்குப் போவ மனசே வரலம்மா" என்று புவனாவும் அழுதுவிட்டாள்.

"ஏய், அதெல்லாம் வேணாம். போய்ப் படிச்சிட்டு வா" என்று நீலாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவங்களுக்கு இங்கிலீசுல சொல்லிட்ட. வந்து இங்க இருக்கறவங்களுக்குத் தமிழ்ல சொல்லு. மொதல்ல உங்கப்பாகிட்டருந்து ஆரம்பி."