அடிமீனையும் காட்டுகிறவள்

நெட்டுக்குப்பம் கரையில் ஏலம் விடும் குப்பம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. படகிலிருந்து வந்த கூடையை அப்படியே தார்ப்பாயில் கவிழ்ப்பாள். அடியில் கிடந்த மீன் எல்லார் கண்ணிலும் பட்ட பிறகுதான் விலையை ஆரம்பிப்பாள். மேலே பளபளக்கும் நாலு சங்கராவை மட்டும் காட்டி ஏலத்தை முடிக்கிறவர்கள் நடுவில், வியாபாரிகள் அவள் கூடைக்காகக் காத்து நின்றது அதனால்தான்.

அவளுக்குக் கோளாறு வந்தபோது யாருக்கும் அது நோயாகவே தெரியவில்லை. நிமிர்ந்து நின்றால் கொஞ்ச நேரத்தில் இரண்டு காலும் எரியும், மரக்கும், பஞ்சாகத் துவளும். குனிந்தால் சரியாகிவிடும். ஐஸ் வண்டியைக் குனிந்து தள்ளிக்கொண்டு எவ்வளவு தூரமும் போவாள். கை வீசி நடந்து தெருக்குழாய் வரைக்கும் போக முடியாது.

"வண்டி தள்ள சொன்னா பறக்கற, நிக்க சொன்னா நெளியற. இன்னா நடிப்புக்கா இது?" என்பான் வியாபாரி எத்திராஜ்.

"நடிக்கத் தெரிஞ்சா சினிமாவுக்குப் போயிருப்பேன்டா. உன் மூஞ்சிய பாத்துகினு இங்க நிப்பேனா?"

கரையே சிரிக்கும். அவள் கை மட்டும் மெல்லக் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். போகப்போக, கூடை மேல் சாய்ந்தபடிதான் ஏலம் விட முடிந்தது. தான் ஊன்றி நிற்கிற கூடையை எப்படிக் கவிழ்ப்பது?

அப்படிக் கவிழ்க்காத கூடை ஒன்றை எத்திராஜ் ஏலத்தில் எடுத்தான். அடியில் பாதிக்கு மேல் கண் வெளுத்துப் பழசாகிப்போன கானாங்கெளுத்தி மீன். அவன் கத்தவில்லை. கூடையைத் தூக்கி வந்து அவள் காலடியில் வைத்தான்.

"யக்கா, நீயுமா?"

குப்பம்மா அவன் காசைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தக் கூடையைத் தானே எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மகள் ஜெயஸ்ரீயிடம், "எங்கன்னா இட்டுகினு போ. கால் போனாலும் தாங்கிக்குவேன், பேர் போச்சுன்னா நான் இருந்து இன்னாத்துக்கு?" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் கார்குழலி, புளியந்தோப்பில் வளர்ந்தவள். மாத்திரை, பயிற்சி என்று சில மாதம் பார்த்தும் கேட்காமல் போகவே, ஸ்கேன் படத்தை எடுத்து வைத்து விளக்கினாள். முதுகெலும்புக்குள் நரம்பு இறங்குகிற பாதை இடுப்பருகே குறுகிவிட்டது. எலும்பும் தசைநாரும் தடித்து நரம்பை நெரிக்கின்றன. குனிந்தால் பாதை கொஞ்சம் விரியும், நிமிர்ந்தால் இறுகும்.

"அதான் வண்டி தள்றப்போ வலி இல்ல. நீங்க ஒண்ணும் நடிக்கலம்மா."

"இத கொஞ்சம் எழுதிக் குடு. ஒருத்தன் மூஞ்சில ஒட்டணும்."

டாக்டர் சிரித்தாள். "தடிச்ச எலும்பையும் தசைநாரையும் பின்பக்கமா செதுக்கி எடுத்துட்டு, நரம்புக்கு இடம் பண்ணிக் குடுப்போம். நெறைய பேர் நல்லா நடக்கறாங்க."

"இது மேல்மீனு. அடிமீன காட்டு டாக்டரம்மா."

கார்குழலி விழித்தாள். கரையின் வழக்கத்தை ஜெயஸ்ரீ எடுத்துச் சொன்னதும், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, கவுக்கறேன். இது கால் வலிக்குத்தான். இடுப்பு வலி மிச்சம் இருந்தாலும் இருக்கும். மரத்துப்போன எடம் முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது. நரம்ப மூடியிருக்கற உறை கிழியலாம், கிழிஞ்சா தச்சிடுவோம். புண்ணு சீழ் பிடிக்கலாம். கால் வெளங்காம போறது ரொம்ப அபூர்வம். ஆனா, நடக்கவே நடக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"எங்க முகத்துவாரத்த தூர் வாரினாலும் மறுபடி மண்ணு மூடிக்குது. இதுவும் மூடுமா?"

"சில பேருக்கு வருசங்கழிச்சு மூடலாம். மறுபடி பாக்கணும்."

ஜெயஸ்ரீக்கு முகம் செத்துவிட்டது. குப்பம்மாவோ பல நாள் கழித்து நல்ல கூடை ஒன்றைப் பார்த்தவள் மாதிரி இருந்தாள். "சுத்தமா கவுத்துட்ட. நான் எடுத்துக்கறேன். எப்போ படுக்கணும்?"

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் முதலில் கால் விரல்களை அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. மறுநாள் நர்ஸ் கையைப் பிடித்து வார்டுக்குள் நடந்தாள். பாதி வழியில் அந்தக் கையையும் விட்டுவிட்டாள்.

உடம்பு தேறி அவள் கரைக்கு வந்தபோது எத்திராஜ் முன்னால் நின்றான்.

"இன்னாடா பாக்கற? பாரம் தூக்கக் கூடாதுன்னு சொல்லிகீறாங்கோ. நீ கவுடா."

அவன் கூடையைக் கவிழ்த்தான். மீன்கள் தார்ப்பாயில் சரிந்தன. குப்பம்மா எதையும் பிடிக்காமல் நிமிர்ந்து நின்று குரல் கொடுத்தாள். கடைசி வரிசை வரை கேட்டது.

ஏலம் முடிந்ததும் ராயபுரத்து வியாபாரி யேசுதாஸ் தயங்கித் தயங்கி வந்தான். அவனுக்கும் இதே கோளாறு, ஆபரேஷன் என்றால் பயம். "பூரா சரியாப்பூட்ச்சா யக்கா?"

"நிக்கறேன், நடக்கறேன். பாத்தியே." இடது காலைத் தூக்கிக் காட்டினாள். "இந்தப் பாதம் இன்னும் மரத்துதான் கீது. செருப்பு கழண்டு வுழுந்தா கூட தெர்ல, இதுவரைக்கும் ரெண்டு ஜோடி காலி. இடுப்பும் ராவுல முணுமுணுக்குது. அதையும் சேத்து கேட்டுகினு முடிவு பண்ணு."

சொல்லிவிட்டு, "எத்திராஜு, அடுத்த கூடை!" என்று குரல் கொடுத்தாள்.