ரொறன்ரோ குளிருக்கு வெரிபீயில் ஒரு கரவன்

ஒரு மடத்தனத்தை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். மெல்பேர்னின் ஓரத்தில் உள்ள வெரிபீயில் நிறுத்தி வைத்த கரவனின் பைப்புகள் குளிர்காலத்தில் உறைந்து வெடிக்கும் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் நம்பினேன்.

மெல்பேர்னில் இருபத்திரண்டு குளிர்காலம் பார்த்தவன் நான். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் உறைந்த ஒரே பொருள் தேங்காயெண்ணெய். அதுகூட போத்தலை வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். பிறகு ஏன் பயந்தேன்?

சொல்கிறேன்.

என் சகலன் பரா அண்ணை — மனைவியின் அக்காவின் கணவர் — ஒரு கரவன் வைத்திருக்கிறார். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற, கட்டிலும் குசினியும் உள்ள சக்கர வீடு. வைத்திருக்கிறார் என்பதைவிட வளர்க்கிறார் என்பதுதான் சரி. சப்பாத்தோடு உள்ளே ஏற முடியாது. மீன் பொரிக்க முடியாது. மீன் பொரித்த கையோடு கதவைத் தொடவும் முடியாது.

இங்கே குளிர்காலம் தொடங்கப்போகிற மே மாதம் அவரும் அக்காவும் மூன்று மாதத்துக்கு யாழ்ப்பாணம் புறப்பட்டார்கள். கரவனை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார். சாவியை என் மனைவி வதனியிடம் கொடுத்தார். எனக்குக் கொடுத்தது ஒரு வசனம்.

"ஐசே, ஒண்டையும் தொடாதையும். நிண்டபடி நிக்கட்டும்."

அதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் அவருடைய புல்வெட்டும் மெஷினுக்குப் பெற்றோலுக்குப் பதில் டீசல் விட்டவன் நான். அதற்கு முந்தின வருடம் அவருடைய ஏணி... அதை விடுவோம். அப்படியிருந்தும் மனிதர் செப்ரெம்பர் பள்ளி விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து கரவனில் போகலாம் என்று தானாகவே சொல்லியிருந்தார். எனக்கும் வதனிக்கும் உள்ளே ஒரு கட்டில் உண்டு என்றும் சொன்னார். பத்தொன்பது வருடச் சகலன் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த முதல் பதவி உயர்வு அது. கரவனுக்கு ஏதாவது நடந்தால் அது போய்விடும். கட்டில் போனால் போகட்டும். 'இவனை நம்பி ஒன்றையும் விட முடியாது' என்ற பெயர் நிரந்தரமாகிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவிலிருந்து என் மாமி மகன் சிறீ வட்ஸ்அப்பில் அழைத்தான். எனக்குப் பின்னால் கரவன் நிற்பதை வீடியோவில் கண்டுவிட்டான்.

"விண்டரைஸ் பண்ணிப்போட்டியோ?"

"என்னத்தை?"

"டேய், பைப்புக்கை நிக்கிற தண்ணி கட்டியாகும். கட்டியானால் பெருக்கும். பெருத்தால் வெடிக்கும். எங்கடை பக்கத்து வீட்டுக்காரன் மறந்துபோனான். வெயில்காலம் வந்து திறந்து பாத்தால் உள்ளை நயாகரா."

"இஞ்சை அவ்வளவு குளிர் இல்லையே மச்சான்."

"குளிர் எண்டால் குளிர்தானேடா."

இந்த வசனத்தில் எங்கே பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு நாளும் ஒரு வெள்ளமும் தேவைப்பட்டன.

எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், எங்களுடைய காலநிலை என்பது அடிக்கடி போன் எடுக்கிற உறவினரின் ஊர்க் காலநிலைதான். லண்டனில் இருக்கிற சித்திக்குக் குளிர்ந்தால் மெல்பேர்னில் பிள்ளைக்கு இரண்டு ஸ்வெட்டர். கொழும்பில் மாமாவுக்கு நுளம்பு கடித்தால் சிட்னியில் நுளம்புவலை. ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தால் என்ன? பார்க்கமாட்டோம். வெளியே இருக்கிற வானம் எங்களுக்குச் சொந்தக்காரன் இல்லையே.

பைப்புக்குள் விட்டால் உறையாமல் காக்கிற றோஸ் நிறத் திரவம் ஒன்று இருப்பதாகச் சிறீ சொல்லியிருந்தான். கரவன் சாமான் விற்கும் கடைக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கரவனை எங்கே கொண்டுபோகிறாய்? பனிமலைக்கா?"

"வெரிபீக்கு."

அவர் உள்ளே திரும்பி இன்னொருவரைக் கூப்பிட்டார். "இதை நீயும் கேட்க வேண்டும்" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். இரண்டு பேரும் மிகுந்த சிரமப்பட்டுச் சிரிக்காமல் நின்றார்கள். அப்படி ஒரு சாமான் அவர்களிடம் இல்லை. "உள்ளே இருக்கிற தண்ணீரைத் திறந்துவிடு மேட், அது போதும்" என்று அனுப்பிவைத்தார்கள்.

தண்ணீரைத் திறந்துவிடுவது. இதில் என்ன கஷ்டம்?

சனிக்கிழமை வதனி வேலைக்குப் போனதும் குசினி லாச்சிக்குள் இருந்த சாவியை எடுத்தேன். பகல் பதினொரு மணி. நல்ல வெயில். போன் பதினேழு டிகிரி என்றது. பக்கத்து வீட்டு கிரெக் அரைக்காற்சட்டையோடு நின்று ரோசாச் செடி கத்தரித்துக்கொண்டிருந்தார். நானோ கம்பளித் தொப்பி, கையுறை, கழுத்தில் ஸ்கார்ஃப். பனியோடு சண்டைக்குப் போகிறவன் வேறு எப்படிப் போவது?

கரவனுக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தண்ணீர்த் தாங்கியின் மூடியைக் கழற்றினேன். முகத்தைச் சட்டென்று விலக்கினேன் — பாயும் அல்லவா?

பாயவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. ஒரு சிலந்தி வெளியே வந்தது, என்னைப் பார்த்தது, திரும்ப உள்ளே போய்விட்டது.

உள்ளே போய்க் குசினிக் குழாயைத் திறந்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. சிறீயை வீடியோவில் அழைத்தேன். அங்கே வெள்ளிக்கிழமை இரவு. கையில் இடியப்பத் தட்டோடு வந்தான்.

"வரேல்லையோ? அப்ப கட்டியாயிட்டுது."

"மச்சான், பக்கத்து வீட்டுக்காரன் அரைக்காற்சட்டையோடை நிக்கிறான்."

"வெளியிலை வெயில் எண்டால்? பைப் உள்ளையெல்லோ இருக்கு."

வாசகர்களே, இந்த நியாயம் எனக்குச் சரியாகப் பட்டது. பயம் பிடித்துவிட்டால் எந்த விஞ்ஞானமும் சரியாகத்தான் படும்.

"இப்ப என்ன செய்யிறது?"

"கரவன்ரை வெளிப்பக்கம் ஒரு வாய் இருக்கும். தோட்டத்து ஹோஸை அதிலை கொளுவித் திற. வாற தண்ணி கட்டியைத் தள்ளிக்கொண்டு போகும்."

கொளுவினேன். வீட்டுத் தண்ணீரின் வேகத்தைக் கரவனின் மெல்லிய பைப்புகள் தாங்கமாட்டா, இடையில் வேகத்தைக் குறைக்க ஒரு சின்ன வால்வு பூட்ட வேண்டும் — இதெல்லாம் பிறகு தெரிந்தது. நான் முழுவதுமாகத் திறந்தேன். உள்ளே அடைத்திருப்பது பனிக்கட்டி. மெதுவாகத் திறந்தால் அசையுமா?

சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே ஏறினேன். குழாய் ஒரு முறை இருமியது. ஒரு முறை தும்மியது. கொஞ்சம் வெள்ளைப் பிளாஸ்டிக் துருவலைத் துப்பியது. பிறகு தண்ணீர்.

"வருது மச்சான், வருது" என்றேன். சிறீ தட்டை வைத்துவிட்டுக் கைதட்டினான்.

அப்போது கட்டிலுக்கு அடியில் 'டொப்' என்று ஒரு சத்தம்.

நயாகராவை நான் நேரில் பார்த்ததில்லை. இனிப் பார்க்கத் தேவையும் இல்லை.

வெளியே ஓடிப்போய் ஹோஸ் குழாயை மூட வேண்டும். ஆனால் சப்பாத்து வாசலில். நான் படியில் உட்கார்ந்து லேஸ் கட்டினேன் என்றால் நம்புவீர்களா? கட்டினேன். ஈரக் காலோடு திரும்பி வந்தால் பரா அண்ணையின் கார்ப்பெற் என்னாவது? எனக்குப் பின்னால் அந்தக் கார்ப்பெற் மெல்ல மிதக்கத் தொடங்கியிருந்தது.

கடைசியில் வேலிக்கு மேலால் எட்டி ஹோஸ் குழாயை மூடியவர் கிரெக்.

"என்ன செய்கிறாய்?" என்று கேட்டார்.

"பனிக்கட்டி எடுக்கிறேன்."

கிரெக் வானத்தைப் பார்த்தார். பிறகு தன் வெறுங்காலைப் பார்த்தார். ரோசாச் செடிக்குத் திரும்பிப் போனார்.

மூன்று மணிக்கு வதனி வந்தபோது மெத்தை வேலியில் சாய்ந்து நின்றது. வீட்டில் இருந்த அத்தனை துவாய்களும் கொடியில். நான் சோற்றுப் பானையால் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ... என்னப்பா இது?"

"பைப் வெடிக்காமல் இருக்க ஒரு முன்னேற்பாடு."

"வெடிச்சதோ?"

"ஓம்."

அவள் கரவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஒண்டையும் தொட வேண்டாமெண்டு அத்தான் சொன்னவரெல்லோ."

"தொடாமல் விட்டிருந்தால் குளிருக்கு வெடிச்சிருக்கும்."

"இப்ப வெயிலுக்கு வெடிச்சிருக்கு. நீங்களே அத்தானுக்கு எடுத்துச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்."

யாழ்ப்பாணத்தில் அப்போது காலை. பரா அண்ணை நல்ல மனநிலையில் இருந்தார். அதைக் கெடுக்கப்போவது நான்தான்.

"பரா அண்ணை, கரவன் தாங்கிக்கை நிண்ட தண்ணியை எடுப்பமெண்டு..."

"என்ன தண்ணி?"

"தாங்கித் தண்ணி."

"அதுக்கை எங்காலை தண்ணி? வாங்கின நாளிலையிருந்து ஒரு சொட்டு விட்டதில்லை ஐசே. பிளாஸ்டிக் தாங்கித் தண்ணியிலை சோறு காய்ச்சமாட்டன் எண்டு மனிசி ஒற்றைக்காலிலை நிண்டவ. நாங்கள் கானிலையெல்லோ தண்ணி கொண்டுபோறனாங்கள்."

ஆறு வருடமாக அப்படித்தானாம். ஒவ்வொரு பயணத்துக்கும் கார் டிக்கிக்குள் நாலு பெரிய தண்ணீர்க் கான்கள். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் வெங்காயமும் உருளைக்கிழங்கும். பைப்புகள் தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படிக் காய்ந்திருந்தனவோ அப்படியே இருந்திருக்கின்றன. உறைவதற்கு அதற்குள் ஒன்றுமே இல்லை. இல்லாத தண்ணீரை வெளியே எடுப்பதற்காக, நான் உள்ளே தண்ணீர் விட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஹோஸ், 'டொப்', கார்ப்பெற், மெத்தை. பரா அண்ணை மிக நிதானமாகக் கேட்டார்.

"இப்ப பைப்புக்கை தண்ணி நிக்குதோ?"

"ஓம் அண்ணை, கொஞ்சம் நிக்கும்."

"அப்ப அது குளிருக்குக் கட்டியாகி வெடிக்காதோ?"

வதனி போனை என் கையிலிருந்து பறித்து, "அத்தான், நான் பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள்.

குளிர்காலம் வந்தது, போனது. வெரிபீயில் ஒன்றும் உறையவில்லை. வெடித்ததாக நான் நினைத்த, உண்மையில் இணைப்பில் கழன்ற பைப்பை கிரெக் ஒரு கிளிப் போட்டு இறுக்கித் தந்தார். கூலி வாங்கவில்லை, இந்தக் கதையைத் தன் நண்பர்களுக்குச் சொல்ல அனுமதி கேட்டார், கொடுத்தேன். கார்ப்பெற் தப்பிவிட்டது. மெத்தை காய்ந்தது, ஆனால் மணம் போகவில்லை. அது எங்களுக்கென்று சொன்ன கட்டிலின் மெத்தை.

பரா அண்ணை சொன்ன சொல் தவறாதவர். போன வாரம் இரண்டு குடும்பமும் சேர்ந்து கடற்கரைப் பக்கம் நாலு நாள் போய்வந்தோம். அவரும் அக்காவும் கரவனில் படுத்தார்கள். நானும் வதனியும் பக்கத்தில் அடித்த கூடாரத்தில் படுத்தோம். அதற்குப் பைப் கிடையாது.