பஞ்சு தொட்ட இடம்

உயிரியல் மிஸ் நரம்பு செல்லைக் கரும்பலகையில் வரைந்த அன்றுதான் எனக்குப் பயம் பிடித்தது. பி.யு.சி. சேர்ந்த புதிது. அதுவரை செல் என்றாலே விளையாட்டாகத்தான் இருந்தது. வெங்காயத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். செங்கல் அடுக்கின மாதிரி வரிசையாக இருந்தது. கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, நீலச்சாயம் விட்டுப் பார்த்தோம். ஓரம் மடங்கிய குட்டி அப்பளங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பொட்டு. இதுதான் நீ என்றார் மிஸ். எனக்குச் சிரிப்பு வந்தது.

நரம்பு செல் அப்படியில்லை. அதற்கு நீளமாக ஒரு வால். முதுகுத்தண்டுப் பக்கத்திலிருந்து விரல் நுனிவரை ஒரே செல்லின் வால் போகிறது என்றார். இந்த நரம்புகளில் போய்க் குடியேறுகிற கிருமி ஒன்று உண்டு, அது வந்தால் தோலில் வெளிறிய திட்டு விழும், அந்த இடத்தில் தொட்டாலும் சுட்டாலும் தெரியாது, ஊரில் பெருவியாதி என்று சொல்வது அதைத்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. என் இடது முன்கையில் வெளிறிய திட்டு ஒன்று இருந்தது.

எங்களுடையது தாமிரபரணிக் கரையில் வயலும் வாழையுமான ஊர். எங்கள் தெருவில் ஒருவருக்கு அந்த வியாதி வந்தபோது, மாட்டுத்தொழுவை ஒட்டி ஓலைச்சாய்ப்பு இறக்கி அவரை அதில் வைத்தார்கள். சோற்றுத் தட்டைக் காலால் தள்ளினார்கள். அவர் மகளைப் பெண்பார்க்க வந்தவர்கள் தெருமுனையிலேயே விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எங்கள் வீட்டில் அக்கா கல்யாணத்துக்கு நின்றாள். விஷயம் வெளியே வந்தால் விடுதி, படிப்பு, அக்காவின் கல்யாணம் எல்லாம் போச்சு. அதற்கு மாத்திரை உண்டு, குணமாகும் என்று மிஸ் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். திட்டு என்று கேட்டதோடு என் காது அடைத்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து முழுக்கை ரவிக்கை. நான் விடுதியில் தங்கிப் படித்த தூத்துக்குடி, உப்புக்காற்றில் துணியெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ஊர். கேட்டவர்களிடம் குளிருகிறது என்றேன். இந்த ஊரில் குளிருகிறது என்று சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கவனி, ஊகி, சோதி, ஒப்பிடு என்று மிஸ் சொல்லித் தந்ததை மட்டும் ஒழுங்காகப் படித்துத் தொலைத்திருந்தேன். கவனித்தாயிற்று. ஊகித்தாயிற்று. சோதிக்கத்தான் தைரியம் வரவில்லை. ஒருநாள் விடுதிக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஊக்கால் திட்டின்மேல் குத்தினேன். வலித்தது. வலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு குத்தினால் வலிக்காதா என்ன? கண்ணை மூடிக்கொண்டு குத்தினேன். அப்போதும் எங்கே, எப்போது என்று குத்துகிற கைக்குத் தெரிந்திருந்தது. அதற்குத் தெரிந்தால் எனக்கும் தெரிந்த மாதிரிதான். வேறு ஒருவர் தொட்டால்தான் உண்மை தெரியும். அதற்கு வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டும். ஊக்கை மறுபடி ரவிக்கையில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

சோறு இறங்கவில்லை. சன்னல் வழியாகத் துறைமுகத்துச் சங்கு கேட்டால்கூட நெஞ்சு திக்கென்றது. அம்மா பார்க்க வருவதாக எழுதியபோது, பரீட்சை இருக்கிறது, வராதே என்று பொய் எழுதினேன்.

கடைசியில் என்னைக் காட்டிக்கொடுத்தது அந்த நீலச்சாயம்தான். செய்முறை வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் கடற்கரைத் தெருப் பெண். அவள் அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்வருகிறவர். வாய் ஓயாதவள், சமையலறையைக் குசினி என்பாள், என்னை வாழைத்தோப்பு என்பாள். அன்று என் ரவிக்கைக் கையில் சாயம் கொட்டிவிட்டது. கழுவிவிடுவதற்காக அவள் என் கையைப் பிடித்துத் துணியைச் சுருட்டினாள். நான் வீலென்று கத்தினேன்.

அவள் திட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போன பிறகு, பிடித்து உட்காரவைத்துக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து தள்ளி உட்காருவாள் என்று எதிர்பார்த்தேன், கொஞ்சம்கூட நகரவில்லை.

“பயந்துக்கிட்டே இருந்தா பயம் போயிருமாளா? பாத்துருவோம்” என்றாள்.

முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்துத் திரி மாதிரி நுனியை முறுக்கினாள். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் “இப்ப” என்றதும், தொட்ட இடத்தில் நான் விரல் வைக்க வேண்டும். இந்த ஏற்பாடு அவளே செய்தது. முதல் “இப்ப” வந்தது. எறும்பு ஊர்வதுபோல் மெல்லிய கூச்சம். விரல் வைத்தேன். இன்னொன்று. வைத்தேன். அடுத்த “இப்ப” வந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. இதோ வந்துவிட்டது என்று உடம்பெல்லாம் வேர்த்தது. அழுகையோடு, தொடவில்லை என்றேன்.

“தொடலதான். ஏமாத்திப் பாத்தேன்” என்றாள். “நீ சும்மா யூகிச்சுச் சொல்லுதியான்னு தெரியணும்லா?”

திட்டின் நடுவிலும் ஓரத்திலும் மாற்றி மாற்றித் தொட்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. வெறும் தேமல்தான், பூவரசங்காயை உரசிப் போடு என்று சொல்லி என் தலையில் தட்டினாள். மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அத்தனை நாளும் அடக்கிவைத்தது நிற்கமாட்டேன் என்றது. நான் அழுது முடியும்வரை அவள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகு தாவணியை ஒதுக்கி, தன் கையை என் முன்னால் நீட்டினாள். கன்ட்ரோல் இல்லாமல் சோதனை செய்தால் மிஸ் பூஜ்யம் போடுவார், ஒன்றுமில்லாத கை எப்படிச் சொல்கிறது என்று பார்த்தால்தான் கணக்கு முடியும் என்றாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். எனக்கும் அப்போது விளையாடத் தோன்றியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மணிக்கட்டில் தொட்டேன். சரியாக விரல் வைத்தாள். முன்கையில் தொட்டேன், வைத்தாள். முழங்கைப் பக்கம் போனேன். அங்கே காசு அளவுக்குத் தோல் கொஞ்சம் செம்புநிறமாக, வறண்டு கிடந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதன்மேல் பஞ்சை வைத்து “இப்ப” என்றேன்.

அவள் விரல் அசையவில்லை. உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது.

“தொடல” என்றாள்.

இன்னும் கொஞ்சம் அழுத்தி, மறுபடியும் “இப்ப” என்றேன்.

“தொடல. ஏளா, எங்கிட்டயேவா? இந்த வித்தையே நான் சொல்லிக்குடுத்ததுதான?”

மிகவும் சந்தோஷமாக இருந்தாள். நான் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு அந்த இடத்தில் என் விரலையே வைத்தேன். உலர்ந்த, வேர்வையில்லாத தோல். அவள் கண்ணைத் திறக்காமல், அடுத்ததற்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

“சீக்கிரம் தொடுளா, மணியடிச்சிரும்” என்றாள்.

என் விரல் அவள் முழங்கையில்தான் இருந்தது. கண்ணைத் திறந்து பார் என்று சொல்ல வாய் எடுத்தேன்.