பெலிக்கியோவின் சிறுத்தை

வெண்கலச் சாடிக்குப் பிடி வார்ப்பதில் பெலிக்கியோவை மிஞ்ச ரோமாபுரிக்குத் தெற்கே எங்கள் கப்புவா ஊரிலேயே ஆள் கிடையாது. விலங்கின் முகம் மட்டும் அவனுக்கு வராது. தலைகீழாக நின்றாலும் சிங்கம் நாயாகத்தான் வந்து முடியும். அவன் மெழுகில் செய்து வார்த்துத் தருவதைச் சாடியில் பற்றவைப்பது என் வேலை. எங்கே குரைத்துவிடுமோ என்று பயந்துகொண்டே பற்றவைப்பேன்.

நாங்கள் இருவருமே பட்டறை முதலாளி நொவியா அம்மாவின் அடிமைகள். ஒரு கல்யாண வீட்டுக்காரர் மதுச்சாடி கேட்டிருந்தார். மது என்றால் பாக்கஸ் சாமி, பாக்கஸ் என்றால் அவர் வாகனமான சிறுத்தை. அது பிடியின் உச்சியிலிருந்து சாடிக்குள் பார்க்க வேண்டும்.

"இந்தத் தடவ சிறுத்த சிறுத்தையா இருந்தா உனக்கு விடுதலை. அங்க கல்யாணத்துல யாராச்சும் பாத்துச் சிரிச்சாங்கன்னா, சாகுற வரைக்கும் துருத்திதான் ஊதுவே!" என்றாள் அம்மா.

பாவம், அவனுக்குக் கடலைக்கஞ்சி கூட இறங்கவில்லை. அரங்கில் சிறுத்தையை விட்டு வேட்டைக் காட்சி நடந்த காலையில் ஓடிப்போய்ப் பார்த்தான். அடிமைகளுக்கு உச்சி வரிசைதான்.

"புள்ளியெல்லாம் நல்லாப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"புள்ளியா? தல எது, வாலு எதுன்னே தெரியல அண்ணே. பூன மாதிரி சுருண்டு தூங்குது!"

வேறு வழியில்லாமல் பட்டறைப் பூனையையே மாதிரியாகப் பிடித்துக்கொண்டான். பால்சட்டி விளிம்பில் முகவாயை வைத்து உள்ளே ஏங்கிப் பார்க்குமே, அதே பார்வை. மேலே வெள்ளிப் புள்ளிகளைப் பதித்தான்.

சாடியைப் பந்தியில் வைத்ததுதான் தாமதம், கல்யாண வீட்டுக்காரரின் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். வாசலில் நின்ற பெலிக்கியோ என் கையை இறுகப் பற்றினான்.

"அய்யய்யோ, எங்க வீட்டுக்காரரேதான்! விடிஞ்சதும் மிச்சம் இருக்கான்னு சாடிக்குள்ள இப்படித்தான் எட்டிப் பாப்பாரு!"

பந்தியே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, இதே போல் இன்னும் ஆறு சாடி வேண்டும் என்றார்.

"அம்மா, அவங்க சிரிச்சிட்டாங்களே..." என்று இழுத்தான் பெலிக்கியோ.

"போடா பைத்தியக்காரா! உன்னத் துருத்திக்கு அனுப்பிட்டா ஆறு சிறுத்தைய நானா செய்வேன்?"

ஆறு சாடிக்கு ஆள் வந்த சந்தோஷத்தில் அடுத்த வாரமே அவன் தலையில் விடுதலைக் குல்லாய் ஏறியது. அவன் அழுதான். நானும் அழுதேன், கொஞ்சம் பொறாமையோடுதான்.

குல்லாயோடு அவன் முதலில் ஓடியது அரங்குக்கு. இப்போது கீழே உட்காரலாம், சிறுத்தை கண்ணெதிரே தெரியும். திரும்பி வந்தவன் முகம் சுளித்தான்.

"அதச் செஞ்சவனுக்கு வேலையே தெரியல அண்ணே. கண்ணுல ஒரு ஆசையே இல்ல!"