சீனு வீட்டு ஐந்து ஸ்பீக்கர்கள்

போன வாரம் என் மகன் ஒரு சவுண்ட் பார் வாங்கி வந்தான். முழ நீளத்துக்கு ஒரு கறுப்புக் கட்டை, அவ்வளவுதான். டிவிக்கு அடியில் வைத்துக் கைப்பேசியில் எதையோ தட்டினான். சத்தம் அறையைச் சுற்றி வந்தது. வயர் இல்லை, வியர்வை இல்லை, மனைவியோடு சண்டை இல்லை. இடம் பண்ணுவதற்காக டிவி அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்தவன், அங்கிருந்து இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்தாற்போன்ற ஒரு பழைய ஸ்பீக்கரைத் தூக்கிக் காட்டி, "திஸ் இஸ் ஜங்க், ரைட்?" என்றான். நான் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். தூசி, பழைய பஞ்சு, அதற்கடியில் லேசாகக் கற்பூரம். இத்தனை வருஷம் கழித்துக் கற்பூரம் மணக்குமா என்று கேட்காதீர்கள். எனக்கு மணந்தது.

கற்பூர வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கோயில் நினைவு வரும். எனக்குச் சீனுவின் நினைவு வருகிறது. என் கிரகம்.

சீனுவும் நானும் அமெரிக்கா வந்த புதிதில் பிளானோவில் ஒரே அபார்ட்மெண்டில் இருந்தோம். பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களையெல்லாம் இரண்டாயிரம் பிறப்பதற்குள் திருத்தியாக வேண்டும் என்று உலகமே பதறிய காலம். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பதற்றத்தில்தான் சோறு. சீனுவுக்குக் கல்யாணமாகி மைதிலி வந்ததும் டோல்வே நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு வாங்கினான். வாசல் கதவைத் திறந்ததும் இரண்டு மாடி உயரத்துக்கு வெற்றிடம் தெரியுமே, அந்த மாதிரி வீடு. அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று யோசித்தவனுக்குச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. வீட்டில் புத்தகம் என்று இருந்தது, ஸ்பீக்கர்களை ஓட்டுகிற ரிசீவர் பெட்டியோடு வந்த மானுவல் ஒன்றுதான். அதைப் பாராயணம் பண்ணினான்.

ஐந்து ஸ்பீக்கர்கள். முன்னால் இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் இரண்டு, சோபாவுக்குப் பின்னால் சுவரில் இரண்டு, டிவியின் தலையில் சின்னதாக ஒன்று. அந்தச் சின்னதற்கு சென்டர் என்று பெயர். பாட்டும் வெடியும் மற்ற நான்கிலும் வரும். மனிதர்கள் பேசுவது மட்டும் சென்டரில் வரும். இதையெல்லாம் நானாகத் தெரிந்துகொள்ளவில்லை. சனிக்கிழமைதோறும் பாடம் நடக்கும். எங்கள் அத்தனை பேரையும் குடும்பத்தோடு வரவழைத்து, புளியோதரையும் சிப்ஸும் கொடுத்து, ஒரு கூடை நிறைய ரிமோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். அந்த ரிசீவரில் ஹால் என்று ஒரு பொத்தான், ஸ்டேடியம் என்று ஒன்று, சர்ச் என்று ஒன்று. இந்தியக் கடையில் வாடகைக்கு எடுத்த, பெருங்காய வாசனை அடிக்கும், காப்பிக்குக் காப்பி எடுத்த தமிழ்ப் படக் கேசட்டை அவன் சர்ச் பொத்தானில் போட்டுக் காட்டுவான். நாங்கள், நன்றாகப் படித்துப் பட்டம் வாங்கிய பத்துப் பன்னிரண்டு இன்ஜினியர்கள், வாயைப் பிளந்து கேட்போம்.

முழுப் படம் எதையும் அந்த வீட்டில் நாங்கள் பார்த்ததில்லை. ஹெலிகாப்டர் வரும் இடம், பாலம் வெடிக்கும் இடம், மழை பெய்யும் இடம். "பின்னால கேளு, பின்னால கேளு" என்பான். எல்லோரும் கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்ப்போம். நானும்தான் திருப்பினேன். அந்தக் கழுத்துக்கு இன்றைக்கும் மன்னிப்பில்லை.

இப்படி இருக்கையில் ஊரில், கோபி டவுனுக்குப் பக்கத்தில், என் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமானது. என்னால் போக முடியவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றது. இப்போது நாட்டை விட்டு வெளியே போனால் எல்லாம் முதலிலிருந்துதான் என்று லாயர் சொல்லிவிட்டார். அதை அப்பாவுக்குப் போனில் சொன்னேன். அப்பா மஞ்சள் வெள்ளாமை செய்கிறவர். பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவர். "அப்பிடீங்களா, சரிங்க" என்று போனை வைத்துவிட்டார். பெற்ற பிள்ளையை வாங்க போங்க என்று பேசினால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கப்புறம் நான் எப்போது கூப்பிட்டாலும் அப்பா தோட்டத்தில் இருந்தார். அங்கே பொழுது சாய்ந்து நெடுநேரம் ஆன பிறகும் தோட்டத்தில் இருந்தார்.

கல்யாணம் முடிந்து தங்கை போனில் சொன்னாள், அப்பா எனக்காக வீடியோவில் ஏதோ பேசியிருக்கிறார் என்று. என்ன பேசினார் என்று அவளுக்கும் தெரியவில்லை. அவள் அப்போது மணமேடையில் இருந்தாள். கேசட்டை யாரிடமோ கொடுத்தனுப்பினாள். அது கைக்கு வரும்வரை எனக்குத் தூக்கம் சரியில்லை. அப்பா என்னைத் திட்டியிருந்தாலும் சரி, கேட்டுவிட வேண்டும்.

ஆனால் இந்தியக் கேசட் அமெரிக்க விசிஆரில் ஓடாது. இரண்டும் ஓடுகிற விசிஆர் எங்கள் வட்டத்தில் ஒருவனிடம்தான் இருந்தது. யார் என்று சொல்லவும் வேண்டுமா? ஒருநாள் இரவல் கேட்டேன். ஒரு வயரைப் பிடுங்கினால் செட்டப்பே போய்விடும் என்றான். அதோடு விட்டானா? சனிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டுவிட்டான். "நாதஸ்வரத்தை அஞ்சு ஸ்பீக்கர்ல கேட்டிருக்கியாடா நீ?" என்றான். என் அப்பா என்னிடம் பேசுவதைக் கேட்க எனக்கு முன்னால் ஊரே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தது.

கேமராக்காரர் கல்யாணத்தின்மேல் சினிமாப் பாட்டுகளை இழுத்துப் போர்த்தியிருந்தார். தாலி கட்டினார்கள். தவில் இடித்ததில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதற்கு ஒருவர் கைதட்டினார். பிறகு திரை முழுக்க அப்பா. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார். கேமராவைப் பார்த்தார். உதடு அசைந்தது. பாட்டு வந்தது, மேளம் வந்தது, குரல் மட்டும் வரவில்லை.

திரும்பப் போடச் சொன்னேன். சீனு ஹாலில் போட்டான், ஸ்டேடியத்தில் போட்டான், சர்ச்சிலும் போட்டான். சத்தத்தைக் கூட்டக் கூட்ட மேளம்தான் கூடியது. இதையெல்லாம் அணைத்துவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரில் போடேன் என்று கெஞ்சினேன். அதையெல்லாம் வாங்கிய அன்றே பிடுங்கியாகிவிட்டதாம். கடைசியில் தீர்ப்புச் சொன்னான்:

"டேப்லயே வாய்ஸ் இல்லடா. அங்க மைக் வெக்கத் தெரியாது அவங்களுக்கு."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர், ஆனால் எஃபெக்ட் பிரமாதம் என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. முகம் கழுவலாம் என்று எழுந்து உள்ளே போனேன். அப்போதுதான் வந்து சேர்ந்த யாரோ நாதஸ்வரத்தை இன்னொரு தடவை கேட்டார்கள் போலிருக்கிறது, ஹாலில் மறுபடியும் மேளம் தொடங்கியது.

மாடிப்படிக்கு அடியில் கோட்டு மாட்டுகிற அறையைத்தான் மைதிலி பூஜை அறையாக ஆக்கியிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. அதைத் தாண்டும்போது உள்ளேயிருந்து என் அப்பா பேசினார்.

கதவைத் திறந்தேன். படங்கள், குத்துவிளக்கு, காய்ந்த கதம்பம். முருகனுக்கும் சரஸ்வதிக்கும் நடுவே அந்தச் சென்டர் ஸ்பீக்கர், வலையில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"...போட்டான். உன்ற பேரைச் சொல்லித்தான் போடச் சொன்னேன்" என்றார் அப்பா. அதோடு அந்த இடம் முடிந்துவிட்டது.

பின்னால் மைதிலி நின்றிருந்தாள். என் முகத்தையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தாள். சரஸ்வதி பூஜைக்கு ஆளுயரப் பெட்டிகளைத் தூக்க முடியாமல், எல்லாவற்றுக்கும் பிரதிநிதியாக இந்தச் சின்னதைச் சீனு கொண்டுவந்து வைத்தானாம். ஸ்லோகம் இதில்தான் கேட்க வேண்டும் என்று அவள் சொன்னதால், நீளமாக வயர் வாங்கிக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓட்டினானாம். மறுநாள் எடுக்க வேண்டியதை எடுக்க மறந்துவிட்டார்கள். சரஸ்வதி பூஜை போய், தீபாவளி போய், பொங்கலும் போயிருந்தது. அத்தனை நாளும் சனிக்கிழமை தவறாமல் நாங்கள் அங்கே பார்த்த படங்களின் வசனமெல்லாம் முருகனுக்குப் போயிருக்கிறது. எங்களுக்குக் கசிந்தது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோன்ற ஒரு முனகல். அதைத்தான் எஃபெக்ட் என்று கொண்டாடியிருக்கிறோம். ஒரு ஜீவனுக்கும் சந்தேகம் வரவில்லை. மனிதர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்கிறவன் இருந்தால் அல்லவா வரும்!

மைதிலி கணவனிடம் எதையும் சொல்லவில்லை. ஹாலுக்குப் போய், "அந்த நாதஸ்வரத்தை முதல்லேர்ந்து இன்னொரு தரம் போடுங்கோ, நன்னாருக்கு" என்றாள். சீனு பூரித்துப்போயிருப்பான். நான் பூஜை அறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

"கண்ணு, நானு போனை வெச்சதை நெஞ்சுல வெச்சுக்காத. அன்னிக்கு எனக்குப் பேச்சு வரலீ, அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கு நீ போடோணுங்கற மோதரத்தைச் சித்தப்பன் பையன் போட்டான். உன்ற பேரைச் சொல்லித்தான் போடச் சொன்னேன்."

அவ்வளவுதான். இதற்காகத்தான் அத்தனை வாட்ஸ். நான் துண்டு இல்லாமல் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனபோது அப்பா மஞ்சள் விலையைப் பற்றிப் பேசினார், பஸ் நேரத்தைப் பற்றிப் பேசினார். அந்த வார்த்தைகளை நேரில் ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

கேசட்டை அமெரிக்க விசிஆருக்கு மாற்றித் தருவதாக இந்தியக் கடைக்காரர் சொன்னார். சீனு விடவில்லை. கடைக்காரன் சவுண்டைக் கெடுத்துவிடுவான், நானே நல்ல குவாலிட்டியில் பண்ணித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டான். அடுத்த வீக்கெண்ட், அடுத்த வீக்கெண்ட் என்று இரண்டு வருஷம் ஓட்டினான். நடுவில் எப்போதாவது நான் போனால், மைதிலி கேசட்டைப் போட்டுவிட்டுப் பூஜை அறைப் பக்கம் தலையை அசைப்பாள். சீனுவுக்குக் கடைசிவரை தெரியாது.

பிறகு வேலைகள் கொத்துக் கொத்தாகப் பறிபோன வருஷம் வந்தது. நான் அப்போது ஒரு பிராஜெக்டுக்காகக் கலிஃபோர்னியாவில் இருந்தேன். சீனுவுக்கு வேலை போனது, வீடும் போனது. டிரைவ்வேயில் கடை பரப்பி, வந்தவர்களுக்கு வந்த விலைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டான். கேள்விப்பட்டுப் போன் பண்ணினேன். விசிஆரை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். உள்ளே என் கேசட் இருந்ததே என்றேன்.

"எந்தக் கேசட்டுடா?" என்றான்.

நான் போனை வைத்துவிட்டேன். எனக்கும் பேச்சு வரவில்லை. தங்கையிடம் இருந்த பிரதி எப்போதோ பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. அப்பாவும் அதற்கப்புறம் நெடுநாள் இருக்கவில்லை.

நான் பிளானோவுக்குத் திரும்பியபோது ஒரு நண்பர் வீட்டில் எனக்காக ஒரு பொட்டலம் காத்திருந்தது. மைதிலி கொடுத்துவிட்டுப் போனதாம். பொட்டு வைத்ததை விற்கக்கூடாது, இதை அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னாளாம். ஊருக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அவளுக்கு அது நினைவிருந்திருக்கிறது.

மகன் குப்பைப் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். என் கையிலிருந்து ஸ்பீக்கரை வாங்கித் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். "இட்ஸ் நாட் ஈவன் கனெக்டட் டு எனிதிங், அப்பா" என்றான்.

ஆமாம் என்றேன். திரும்ப வாங்கித் தூசியைத் துடைத்து, எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், முருகனுக்குப் பக்கத்தில் வைத்தேன். வலையில் அந்தக் குங்குமம் கறுத்துப்போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.